கையில் மூன்று ஒன்பது, போனது 218 டாலர்: செட், ட்ரிப்ஸ், ஜோடி போர்டு பற்றிப் புதிதாகப் போக்கர் ஆட வருபவர்களுக்கு

லாஸ் வேகஸில் 1-3 டாலர் போக்கர் மேசை (ஒவ்வொரு கைக்கும் இருவர் கட்டாயமாக 1, 3 டாலர் முன்கூட்டியே போட வேண்டும், அதற்கு பிளைண்ட் என்று பெயர்). உட்கார்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, 218 டாலர் போய்விட்டது. சொத்தைச் சீட்டு வந்து போயிருந்தால் மனசை ஆற்றிக்கொள்ளலாம். மூன்று ஒன்பதை வைத்துக்கொண்டு விட்டேன்.

நான் கல்லூரி விடுதியில் மூணு சீட்டு ஆடி வளர்ந்தவன். அங்கே ஒரே எண்ணில் மூன்று சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் கையே கிடையாது. ட்ரையோ வந்தவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தும் ஆடுவான். அந்த ரத்தத்தோடு போக்கர் மேசைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை டாலர் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். நீங்களும் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டெக்சஸ் ஹோல்டெமின் அடிப்படை விதிகள் தெரிந்தவர்களுக்கானது இது: கைக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டு ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். மொத்தமாகச் சேர்த்துப் போர்டு. நடுவில் குவியும் பணத்தை எல்லோரும் ‘பாட்’ என்பார்கள். அதில் வேற்றுமை உருபு சேர்த்தால் தண்ணீர் பாட்டில் ஆகிவிடுகிறது, அதனால் நான் நடுப்பணம் என்றே எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்: அடையாள அட்டை, பணம், நேரம்

நெவாடாவில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வருகிறவர் என்றால் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே வேலை பார்ப்பவருக்கு அமெரிக்க ஓட்டுநர் உரிமம் போதும். செல்போனில் எடுத்து வைத்த பாஸ்போர்ட் படத்தை நம்பிப் போகாதீர்கள். எனக்கு 38 வயது, முன்தலை வழுக்கை, அப்படியும் கேட்டார்கள்.

1-3 மேசையில் உட்காரப் பெரும்பாலும் 100 முதல் 300 டாலர் வரை வாங்கலாம். சில இடங்களில் 500 வரை விடுவார்கள். நான் 300-க்குக் குறைந்து உட்காருவதில்லை. காரணம் நான்காம் படியில் வரும். இன்னொரு 300 சட்டைப்பையில் இருக்கும். ஏடிஎம் அட்டை ஓட்டல் அறைப் பெட்டகத்தில் இருக்கும். அது என்னோடு வந்த இரவுகளின் கணக்கை வீட்டில் சொன்னதில்லை.

மேசைக்காரர்கள் எடுக்கும் பங்குக்கு ரேக் என்று பெயர். நடுப்பணத்தில் 10 சதவீதம், 5 டாலர் போல ஓர் உச்சவரம்பு என்பது வழக்கம். ஜாக்பாட்டுக்கென்று இன்னும் ஒன்றிரண்டு டாலர் தனியாகப் போகும். ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர் டிப். ஆக, நீங்கள் ஜெயிக்கும் 40 டாலர் உண்மையில் 33 டாலர்தான். இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உட்காரும் முன் கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

வெள்ளி, சனி இரவுகளில் இடம் கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மதியம் போனால் உடனே உட்காரலாம், ஆனால் அந்த நேரத்தில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற உள்ளூர்வாசிகள், வாரம் ஐந்து நாள் ஆடுகிறவர்கள். புதியவருக்கு இரவுக் கூட்டமே மேல்.

நேரக் கணக்கு இன்னொன்றும் உண்டு. மேசையில் மணிக்குச் சுமார் 30 கை ஆடலாம். கைக்கு ஜோடி வருவது 17-க்கு ஒன்று. அந்த ஜோடிக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு விழுவது எட்டரைக்கு ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 145 கைக்கு ஒரு முறை. அதாவது ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு செட். மூன்று மணி நேரத்தில் வரவில்லையே என்று சலித்துக்கொண்டு கண்டதை ஆடுகிறவர்களின் பணம்தான் மேசையில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் உட்கார்ந்து செல்போனில் பழகலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாடெல்லாம் அதில் கிடையாது. பணம் இல்லாத பயிற்சிச் செயலிகளே போதும், சீட்டு விழும் விதத்தைப் பழக அவை உதவும். யாராவது வாட்ஸாப்பில் ‘பிரைவேட் கிளப்’ லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள்.

2. மூணு சீட்டையும் ரம்மியையும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்

மூணு சீட்டில் ட்ரையோ உச்சம், ஏனென்றால் மூன்றே சீட்டில் அது அமைவது 22,100-இல் 52 முறைதான். போக்கரில் ஏழு சீட்டிலிருந்து பொறுக்குகிறோம். எல்லாக் கைகளும் கடைசிவரை போனால் இருபதில் ஒருவருக்கு மூன்று ஒரே எண் அமைந்துவிடும். அதனால் மேலிருந்து எண்ணினால் அது ஆறாவது இடம். ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் வரிசையாக ஐந்து), நான்கு ஒரே எண், ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண், கூடவே ஒரு ஜோடி), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே ஜாதி), ஸ்ட்ரெய்ட் (ஐந்தும் வரிசை) எல்லாம் அதற்கு மேலே. மூணு சீட்டில் வரிசையை ட்ரையோ அடிக்கும், இங்கே வரிசை ட்ரையோவை அடிக்கும். இதை எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

ரம்மியில் இருந்து வருபவர்களுக்கு வேறொரு குழப்பம். அங்கே ஒரே எண் மூன்று சேர்ந்தால் எப்படிச் சேர்ந்தாலும் அது செட். போக்கரில் செட் என்ற சொல்லுக்குக் குறுகிய பொருள்.

3. செட்டா ட்ரிப்ஸா என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள்

உங்கள் கையில் 8-8, போர்டில் ஒரு 8. இது செட்.
உங்கள் கையில் ஏஸ்-8, போர்டில் 8-8. இது ட்ரிப்ஸ்.

இரண்டும் மூன்று எட்டுதான், தரவரிசையில் ஒன்றுதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணால் பாருங்கள். போர்டு ராஜா-8-3 என்று கிடக்கிறது. அவரிடம் ராஜா இருக்கிறது, உச்ச ஜோடி என்று நிம்மதியாக இருக்கிறார். உங்களிடம் செட் இருப்பதைக் காட்டிக்கொடுக்க அந்தப் போர்டில் ஒன்றுமில்லை. கூப்பிட்டுக்கொண்டே, அதாவது உங்கள் பந்தயத்துக்குச் சமமாகப் பணம் போட்டுக்கொண்டே இருப்பார். இதுவே போர்டு ராஜா-8-8 என்றால்? நீங்கள் பந்தயத்தை ஏற்றிய நொடியே அவர் எட்டைப் பார்ப்பார். மேசையில் இருக்கும் ஒன்பது பேரும் அந்த இரண்டு எட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு வேறுபாடு பலருக்கு உறைப்பதில்லை. செட்டில் மீதம் இருப்பது ஒரே ஒரு எட்டு. அது இன்னொருவரிடம் இருந்தாலும் அவருக்கு வெறும் ஜோடிதான். ட்ரிப்ஸிலும் மீதம் ஒரே ஒரு எட்டுதான், ஆனால் அது யாரிடமாவது இருந்தால் அவருக்கும் மூன்று எட்டு. அப்போது உங்கள் இரண்டாவது சீட்டுதான் வழக்கைத் தீர்க்கும். அந்த இரண்டாவது சீட்டுக்குக் கிக்கர் என்று பெயர். என் 218 டாலர் போன வழி அதுதான்.

4. செட்டுக்காகக் காத்திருக்க எவ்வளவு கொடுக்கலாம்

கையில் சின்ன ஜோடி. 5-5 என்று வையுங்கள். முன்னால் ஒருவர் 15 டாலருக்கு ஏற்றியிருக்கிறார். கூப்பிடலாமா?

மூன்றாவது ஐந்து ஃப்ளாப்பில் விழ உங்களுக்கு எதிரான விகிதம் ஏழரைக்கு ஒன்று. ஆமாம், ஏழரை. நம்மவர்களுக்கு மறக்கவே மறக்காத எண், அதனால்தான் சொல்கிறேன். ஏழரை தடவை 15 டாலர் தொலையும், ஒரு தடவை விழும். விழும்போது எதிராளியிடமிருந்து அந்த 112 டாலரையும் திரும்ப எடுத்து மேலும் எடுக்க வேண்டும். எல்லாத் தடவையும் அவர் முழுப் பணத்தையும் கொடுக்க மாட்டார். சில சமயம் அவரிடம் ஒன்றுமே இருக்காது, முதல் பந்தயத்துக்கே மடக்கிவிடுவார், அதாவது சீட்டைக் கைவிட்டுவிடுவார்.

அதனால் நடைமுறைக் கணக்கு இது: கூப்பிடும் தொகையைப் போல் 15 முதல் 20 மடங்கு பணம் இருவரிடமும் இருக்க வேண்டும். 15 டாலருக்கு 225 முதல் 300. ஒருவரிடம் 90 டாலர்தான் மிச்சம் என்றால் உங்கள் முன்னால் ஆயிரம் இருந்தும் பயனில்லை, அவரிடம் இருப்பதற்கு மேல் அவரிடமிருந்து வராது. நான் 300-க்குக் குறைந்து உட்காராததன் காரணம் இதுதான். 100 டாலரோடு உட்கார்ந்து சின்ன ஜோடிக்கு 15 டாலர் கொடுப்பது கோயில் உண்டியலில் போடுவது மாதிரி, புண்ணியமாவது கிடைக்குமா என்று தெரியாது.

ஃப்ளாப்பில் விழவில்லை என்றால் விட்டுவிடுங்கள். டர்னில் விழும் என்று இன்னொரு 25 கொடுக்காதீர்கள். 47 சீட்டில் இரண்டே இரண்டுதான் உங்களுக்கு உதவும்.

5. செட் விழுந்துவிட்டால் பதுங்காதீர்கள்

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. செட் விழுந்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, பந்தயம் வைக்காமல் ‘செக்’ என்று மேசையைத் தட்டுவது. தந்திரமாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கையில் 8-8, ஃப்ளாப் ராஜா-8-3. ஃப்ளாப்புக்கு முன் ஆளுக்கு 15 போட்டிருக்கிறீர்கள், நடுப்பணம் சுமார் 35. இப்போது 25 போடுங்கள், அவர் கூப்பிட்டால் 85. டர்னில் 60 போடுங்கள், கூப்பிட்டால் 205. ரிவரில் கையில் மிச்சம் இருக்கும் 200-ஐ மொத்தமாக வையுங்கள். மூன்று தடவையில் 300 டாலரும் இயல்பாக உள்ளே போய்விட்டது, யாரும் பயந்துபோகும்படி ஒரு பந்தயமும் இல்லை.

ஃப்ளாப்பில் தட்டிவிட்டிருந்தால்? டர்னில் 25, ரிவரில் 60. அவ்வளவுதான் நியாயமாக வைக்க முடியும். 200 டாலர் அவருடைய சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

போர்டில் ஒரே ஜாதியில் இரண்டு சீட்டு, உதாரணமாக இரண்டு ஹார்ட்டின் கிடந்தால் இன்னும் அவசரம். ஃப்ளஷுக்காகக் காத்திருப்பவர் உங்கள் செட்டை வெல்வது நான்கில் ஒரு தடவை. அவருக்கு அடுத்த சீட்டை இலவசமாகக் காட்டாதீர்கள், விலை வையுங்கள். டர்னில் ஃப்ளஷ் விழுந்துவிட்ட மாதிரி தெரிந்தாலும் உடனே எறிந்துவிட வேண்டாம். போர்டில் இருக்கும் எந்தச் சீட்டாவது ஜோடி சேர்ந்தால் உங்களுக்கு ஃபுல் ஹவுஸ், உங்கள் நான்காவது எட்டும் உண்டு. பத்துச் சீட்டு உதவும், ஐந்தில் ஒரு தடவைக்குச் சற்று மேல். ஃப்ளாப்பிலிருந்து ரிவர் வரை சேர்த்துப் பார்த்தால் செட் ஃபுல் ஹவுஸாகவோ நான்காகவோ மாறுவது மூன்றில் ஒரு பங்கு.

எதிராளிக்குப் பெரிய செட் இருந்தால்? இருவர் கையிலும் ஜோடி இருக்கும்போதே, இருவருக்கும் ஒரே ஃப்ளாப்பில் செட் விழுவது நூறில் ஒரு தடவைதான். அதற்குப் பயந்து ஆடாதீர்கள். வந்தால் எழுந்து போய் ஒரு காபி குடியுங்கள்.

6. ட்ரிப்ஸ் விழுந்தால் முதலில் இரண்டாவது சீட்டைப் பாருங்கள்

என் கதைக்கு வருகிறேன். நான் பெரிய பிளைண்டில் (கட்டாய 3 டாலர் போடும் இடம்), கையில் 9-6. யாரும் ஏற்றவில்லை, நான்கு பேர் மூன்று மூன்று டாலர் போட்டு ஃப்ளாப் பார்த்தோம். ராஜா-9-9.

எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. 10 டாலர் போட்டேன். இரண்டு பேர் மடக்கினார்கள், பேஸ்பால் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மட்டும் கூப்பிட்டார். சிப்பை அடுக்குகிற விரல் நடுங்கவில்லை, பேச்சும் இல்லை. டர்னில் 4. நான் 25, கூப்பிட்டார். ரிவரில் 2. நான் 60 போட்டேன். அவர் தொப்பியைச் சற்றே தூக்கி, சிவப்புச் சிப் அடுக்குகளை முன்னால் தள்ளி, “ஒன் எய்ட்டி” என்றார்.

அந்த நேரத்தில் என் தலையில் ஓடியது ஒரே வாக்கியம்: ‘மூணு ஒம்பது வெச்சுக்கிட்டு எவனாவது மடக்குவானா?’ நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ராஜா-9-9-4-2 என்ற போர்டில், மூன்று தடவை பந்தயம் வைத்த என்னை, ரிவரில் மூன்று மடங்காக ஏற்ற இவரிடம் என்ன இருக்க வேண்டும்? ராஜா வைத்திருப்பவர் ஏற்ற மாட்டார், பொறுமையாகக் கூப்பிடுவார். ஏற்றுகிறவரிடம் மீதமுள்ள அந்த ஒரு ஒன்பதோ, ஃபுல் ஹவுஸோதான் இருக்கும். ஒன்பது என்றால் அதோடு என்ன சீட்டு? ஏஸ், ராணி, ஜாக்கி, 10, 8, 7 எல்லாமே என் 6-ஐ அடிக்கும். ராஜா, 4, 2 என்றால் ஃபுல் ஹவுஸ். நான் ஜெயிக்க வேண்டுமென்றால் அவர் 9-5 அல்லது 9-3 வைத்துக்கொண்டு அப்படி ஏற்றியிருக்க வேண்டும். அந்தத் தொப்பிக்காரரா?

கூப்பிட்டேன். ஏஸ்-9 காட்டினார். என் கை 9-9-9-ராஜா-6. அவர் கை 9-9-9-ஏஸ்-ராஜா. “நைஸ் ஹேண்ட்” என்று சொல்லத் தெரிந்திருந்ததே அன்று நான் செய்த ஒரே சரியான காரியம்.

இப்போது நான் செய்வது: கிக்கர் ஏஸ் அல்லது போர்டில் இல்லாத பெரிய படம் என்றால் மூன்று தடவையும் பந்தயம் வைப்பேன். கிக்கர் நடுத்தரம் என்றால் இரண்டு தடவை வைத்துவிட்டு ரிவரில் தட்டிவிடுவேன், அல்லது சின்னதாக வைப்பேன். சின்ன கிக்கரோடு ரிவரில் பெரிய ஏற்றம் வந்தால், அதுவும் சாயங்காலம் முழுக்க ஏற்றாத ஒருவரிடமிருந்து வந்தால், மடக்கிவிடுவேன். முதல் தடவை மடக்கும்போது வயிறு எரியும்.

ஆறுதலுக்கு ஒன்று: ட்ரிப்ஸிலும், கிக்கர் ஜோடி சேர்ந்தாலோ, போர்டின் மற்ற சீட்டு ஜோடி சேர்ந்தாலோ ஃபுல் ஹவுஸ் உண்டு. ஃப்ளாப்பில் ட்ரிப்ஸ் விழுந்தால், டர்னில் நான்காவது ஒரே எண்ணையும் சேர்த்து ஏழு சீட்டு உதவும், ஃப்ளாப்பில் விழுந்த செட்டைப் போலவேதான்.

7. போர்டில் ஜோடி, உங்களிடம் ஒன்றுமில்லை

ஃப்ளாப்பில் சரியாக ஒரு ஜோடி விழுவது சுமார் 17 சதவீதம், ஆறில் ஒரு தடவை. ஐந்து மணி நேரத்தில் இருபது தடவைக்கு மேல் பார்த்துவிடுவீர்கள். பெரும்பாலான தடவை உங்களிடம் ஒன்றும் இருக்காது. நல்ல செய்தி, எதிராளியிடமும் இருக்காது.

ராஜா-8-3 போன்ற சாதாரண ஃப்ளாப்பில் போர்டோடு பொருந்தும் சீட்டு மிச்சம் ஒன்பது (மூன்று ராஜா, மூன்று எட்டு, மூன்று மூன்று). ராஜா-8-8-இல் ஐந்துதான் (மூன்று ராஜா, இரண்டு எட்டு). ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்குப் போர்டோடு பொருந்துவது முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்கு. எட்டு வைத்திருப்பது வெறும் 8 சதவீதம். போர்டில் ஜோடியைப் பார்த்தவுடன் ‘எவனுக்கோ அடிச்சிருச்சு’ என்று வரும் பயம் இருக்கிறதே, அது பெரும்பாலும் வெறும் பயம்.

ஆகவே, ஃப்ளாப்புக்கு முன் ஏற்றியது நீங்கள், எதிரில் ஒரே ஆள், போர்டு ராஜா-ராஜா-4 அல்லது ராணி-ராணி-5 போல ஜாதி கலந்து, ஃப்ளஷுக்கோ ஸ்ட்ரெய்ட்டுக்கோ வழியில்லாமல் காய்ந்து கிடக்கிறது என்றால், நடுப்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். 35 இருந்தால் 12. நான்கில் ஒரு தடவை அவர் மடக்கினாலே உங்களுக்கு நஷ்டமில்லை. உண்மையில் அதைவிட அதிகம் மடக்குவார்கள்.

ஆனால் எங்கே செய்யக்கூடாது என்பதும் அதே அளவு முக்கியம்:

நான்கு பேர் உள்ளே இருந்தால் வேண்டாம். ஆளுக்கு 8 சதவீதம் என்பது கூடிக்கொண்டே போகும்.

9-9-8, 7-7-6 போன்ற நடுத்தர, ஒட்டிய போர்டில் வேண்டாம். ஏற்றியவரிடம் ஏஸும் ராஜாவும் இருக்கும், பிளைண்டில் உட்கார்ந்து மலிவாகக் கூப்பிட்டவரிடம்தான் 9-8, 8-7 எல்லாம் இருக்கும். போர்டு அவருடையது.

அவர் கூப்பிட்டுவிட்டால் நிறுத்துங்கள். 1-3 மேசையில் ஏஸ் மட்டும் வைத்துக்கொண்டு ‘உன்கிட்ட ராஜா இருக்காது’ என்று கடைசிவரை வருகிறவர்கள் உண்டு. அவர்களை ஏமாற்ற முடியாது, ஏமாறும் அளவுக்கு அவர்கள் யோசிப்பதில்லை.

8. டர்னிலோ ரிவரிலோ ஜோடி சேர்ந்தால் கணக்கை மறுபடி போடுங்கள்

நான் அதிகம் பேர் தடுக்கி விழுந்து பார்த்த இடம் இது. ஃப்ளாப்பில் நல்ல கை வந்துவிட்டது, மனம் அங்கேயே நின்றுவிடும். போர்டு மாறியிருப்பது கண்ணில் படாது.

உங்களிடம் 7-6, ஃப்ளாப் ராஜா-7-6. இரண்டு ஜோடி, எதிராளியின் ஏஸ்-ஏஸை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். டர்ன் 2. ரிவர் ராஜா. இப்போது அவருக்கு ஏஸ்-ஏஸ்-ராஜா-ராஜா. உங்களுக்கு ராஜா-ராஜா-7-7. உங்கள் ஆறுக்கு மதிப்பே போய்விட்டது. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, இருந்தும் இனி ஒரு டாலர் போட்டாலும் தப்பு. இதற்கு மேசைப் பெயர் ‘கவுன்ட்டர்ஃபீட்’, கள்ள நோட்டு. கையில் இருக்கும்போது நல்ல நோட்டாகத்தான் தெரியும்.

ஸ்ட்ரெய்ட்டோ ஃப்ளஷோ வைத்திருப்பவருக்கும் இதே எச்சரிக்கை. போர்டில் ஜோடி சேராத வரை ஏஸ் ஃப்ளஷை அடிக்கப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஜோடி சேர்ந்துவிட்டால், அதுவரை அமைதியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த செட்காரர் ஃபுல் ஹவுஸ்காரர் ஆகிவிட்டார். எந்தச் சீட்டு ஜோடி சேர்ந்தது என்றும் பாருங்கள். ஃப்ளாப்பின் கீழ்ச்சீட்டான 2 ஜோடி சேர்ந்தால் இரண்டு வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவர் குறைவு. நடுச்சீட்டு, மேல்சீட்டு ஜோடி சேரும்போதுதான் நிதானம் வேண்டும்.

இந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு 2003 போக்கர் உலகத் தொடரின் (WSOP) பிரதான போட்டியில் ஒரு கை. கிறிஸ் மணிமேக்கரிடம் ஏஸ்-ராணி, ஃபில் ஐவியிடம் 9-9. ஃப்ளாப்பில் இரண்டு ராணியும் ஒரு 6-உம். மணிமேக்கருக்கு ட்ரிப்ஸ், அதுவும் ஏஸ் கிக்கரோடு. டர்னில் 9 விழுந்தது. ஐவிக்கு ஃபுல் ஹவுஸ், பணம் முழுவதும் உள்ளே போனது. மீதி 44 சீட்டில் மணிமேக்கரைக் காப்பாற்ற ஏழு உண்டு: மூன்று ஏஸ், மூன்று 6, ஒரு ராணி. ரிவரில் ஏஸ். ஐவி பத்தாம் இடத்தில் வெளியேறினார், மணிமேக்கர் பட்டத்தையே வென்றார். கிக்கர் வெறும் சமன்முறிப்பு மட்டுமில்லை, ஃபுல் ஹவுஸுக்கு வாசலும் அதுதான் என்பதை அந்த ஏஸ் காட்டியது. ஐவி செய்ததில் எந்தப் பிழையும் இல்லை.

9. சின்ன ஃபுல் ஹவுஸும் இரட்டை ஜோடி போர்டும்

உங்களிடம் 4-4, போர்டு 9-9-4. இது ஃபுல் ஹவுஸ், ஆனால் சின்னது. ஃபுல் ஹவுஸில் மூன்று இருக்கும் எண்தான் முதலில் ஒப்பிடப்படும். இப்போதைக்கு உங்களை அடிப்பது 9-9, 9-4 மட்டுமே, தயங்காமல் பந்தயம் வையுங்கள். ஒன்பது வைத்திருப்பவர் உங்களுக்குப் பணம் கொண்டுவந்து கொடுக்கப்போகிறவர். டர்னில் ராஜா விழுந்தால் ராஜா-9, ராஜா-ராஜாவும் உங்களை அடிக்கும். 300 டாலர் மேசையில் நான் அதற்கெல்லாம் மடக்க மாட்டேன். இருவர் முன்னாலும் ஆயிரம் ஆயிரம் இருந்தால் யோசிப்பேன்.

போர்டு 9-9-4-4-ராஜா, உங்களிடம் 3-3. உங்கள் ஜோடி செத்துவிட்டது. உங்கள் கை என்பது போர்டேதான். ஏஸ் வைத்திருக்கும் யாரும் உங்களை அடிப்பார்கள்.

ஃப்ளாப்பில் மூன்றும் ஒரே எண் என்பது 425-இல் ஒரு தடவை, அதற்குப் பெரிய பாடம் தேவையில்லை. ஒன்று மட்டும்: ராணி-ராணி-ராணி போர்டில் 2-2 ஃபுல் ஹவுஸ்தான், ஆனால் அடுத்து 7 விழுந்தால் ஏழு வைத்திருக்கும் எல்லோருக்கும் உங்களைவிடப் பெரிய ஃபுல் ஹவுஸ்.

10. இரண்டு சீட்டையும் மலர்த்தி மேசையில் வையுங்கள்

ஜோடி போர்டில் தன் கையைத் தானே தப்பாகப் படிப்பது சகஜம். ஷோவுக்கு வந்துவிட்டால் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டு சீட்டையும் திருப்பி வையுங்கள், டீலர் படிப்பார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது செல்லாது, சீட்டு என்ன சொல்கிறது என்பதே செல்லும். நடுப்பணம் யாரிடம் தள்ளப்படுகிறது என்று பார்க்கும் வரை சீட்டின் மேல் கையை எடுக்காதீர்கள்.

போன மாதம் என் வலப்பக்கத்தில் ஓர் இளைஞர். போர்டு ராஜா-8-8-ராணி-2. எதிராளி 8-7-ஐ மலர்த்தினார். இவர் தன் சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, கவிழ்த்தபடியே டீலரிடம் தள்ளிவிட்டார். டீலர் அதைக் கழிவுச் சீட்டோடு சேர்த்துக் கலைத்தார், 140 டாலரும் எதிர்ப்பக்கம் போயிற்று. கை முடிந்த பிறகு என்னிடம் குனிந்து, “எனக்கும் எட்டு இருந்தது, 8-6. ஒரு புள்ளியில் போய்விட்டது” என்றார்.

போர்டில் ராஜாவும் ராணியும் கிடந்தன. 7-உம் ஆட்டத்தில் இல்லை, 6-உம் இல்லை. இருவர் கையும் 8-8-8-ராஜா-ராணி. பாதிப் பணம் அவருடையது. சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவர் அதற்குள் அடுத்த கைக்குப் பிளைண்ட் போட்டுவிட்டார்.